பலகையில் 45 நிமிடம், வரிசையில் 70 நிமிடம்: காத்திருப்பு நேரத்தை எப்படிச் சொல்வது?

கேள்வி பதிந்தவர்: ராட்டினமேடை

வணக்கம். சென்னைக்கு வெளியே இயங்கும் ஒரு கேளிக்கைப் பூங்காவில் ரைடுகள் பிரிவின் மேற்பார்வையாளராக ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இயந்திரப் பராமரிப்பிலும் பாதுகாப்பு விதிகளிலும் எனக்கு முறையான பயிற்சி உண்டு. ஆனால் வரிசையில் நிற்கிறவர்களிடம் எதை, எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அது எவ்வளவு பெரிய குறை என்று இந்தக் காணும் பொங்கலன்று புரிந்தது.

எங்கள் ரோலர் கோஸ்டரில் இருப்பது ஒரே வண்டி; அதில் 20 இருக்கைகள். ஆட்களை ஏற்றி, மார்புக் கம்பிகளைச் சரிபார்த்து, ஓட்டி, இறக்கி முடிக்க இரண்டரை நிமிடம் ஆகிறது. வரிசைக்கான கம்பி வேலியில் "இங்கிருந்து 30 நிமிடம்", "இங்கிருந்து 45 நிமிடம்" என்று தகரப் பலகைகள் கட்டியிருக்கிறோம். அவை ரைடு தொடங்கிய புதிதில் ஒரு சாதாரண வேலைநாளில் கணக்குப் பார்த்துக் கட்டியவை. காணும் பொங்கலன்று நான்கில் ஒரு பங்கு இருக்கைகள், பொது வரிசையில் நிற்காமல் ஏற உதவும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் வாங்கியவர்களுக்குப் போயின. நடுவில் தடத்தில் இருந்த ஒரு சென்சார் கோளாறு காட்டியதால் வண்டி 10 நிமிடம் நின்றது. 45 நிமிடப் பலகை அருகே வந்து சேர்ந்தவர்கள் 70 நிமிடம் கழித்தே மேடைக்கு ஏறினார்கள்.

அவர்களில் ஒரு தகப்பனாரும் அவருடைய பையனும் இருந்தார்கள். பையனுக்குப் பத்து வயது இருக்கலாம். இந்த ரைடுக்கு 140 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். மேடை வாசலில் எங்கள் ஆப்பரேட்டர் அவனை அளவுகோலில் நிறுத்தியபோது இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. அவன் ஈரத் தலைமுடியைக் கையால் மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்தபடி இன்னொரு முறை நின்று பார்த்தான். அப்போதும் எட்டவில்லை. தகப்பனார் சத்தம் போடவில்லை. "விதி விதிதான், சார். ஆனால் இதைக் கீழேயே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அன்று வேறு நான்கைந்து பேர் என்னிடம் கடுமையாகச் சண்டை போட்டார்கள். அவையெல்லாம் மறந்துபோயின, இது மறக்கவில்லை.

நிர்வாகத்தில் இப்போது இரண்டு கருத்துகள் உள்ளன. எண்ணைப் போட்டால்தானே கேள்வி வருகிறது, பலகைகளையே எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். 45 என்பதை 90 என்று எழுதிவிட்டால் எல்லோருமே சீக்கிரம் ஏறிவிட்டதாக மகிழ்ச்சி அடைவார்கள் என்கிறார் இன்னொருவர். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை, ஆனால் மறுத்துப் பேச என்னிடம் காரணமும் இல்லை. வண்டி நின்றுவிட்டால் மைக்கில் என்ன சொல்ல வேண்டும், வெயிலில் நிற்பவர்களின் கண்ணெதிரே ஃபாஸ்ட் டிராக்கில் வருகிறவர்களை ஏற்றும்போது என்ன விளக்கம் தருவது என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: கோவைத்தென்றல்

ஐயா, அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவில் உள்ள ஒரு பெரிய பூங்காவில் நான்கு ஆண்டுகள் ரைடு மேடையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். பலகைகளைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். எண் இல்லாத வரிசையில் நிற்பவர் தன் மனத்துக்குள் தானே ஓர் எண்ணைப் போட்டுக்கொள்வார். அது எப்போதும் உங்கள் எண்ணைவிடச் சிறியதாகவே இருக்கும்.

உங்கள் பலகைகளின் குறை, அவை கம்பியில் நிரந்தரமாகக் கட்டப்பட்டிருப்பதுதான். வரிசையின் நீளம் காத்திருப்பு நேரத்தைச் சொல்லாது. வரிசை நகரும் வேகமும் சேர்ந்தால்தான் அது நேரமாகும், அந்த வேகமோ மணிக்கு மணி மாறுகிறது. வால்ட் டிஸ்னி வேர்ல்டு பூங்காக்களுக்குப் போனவர்கள் சிவப்பு அட்டையைப் பார்த்திருப்பார்கள். வரிசையில் நுழைகிற ஒருவரிடம், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பட்டையோடு கூடிய அந்த அட்டையைக் கொடுத்து, மேலே மேடையில் இருக்கும் ஊழியரிடம் ஒப்படைக்கச் சொல்வார்கள். அட்டை கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான காத்திருப்பு. அங்கே அதை மின்னணுக் கருவியில் காட்டிப் பதிவு செய்வார்கள். உங்களுக்கு அந்தக் கருவி தேவையில்லை. ஒரு தபால் அட்டை அளவு துண்டில் பேனாவால் "11.20" என்று எழுதிக் கொடுத்தால் போதும், மேலே வாங்குகிறவர் அதன் கீழே "12.05" என்று எழுதிவிடுவார். கால் மணிக்கு ஓர் அட்டை அனுப்பினால், கரும்பலகையில் சாக்குக்கட்டியால் எழுதும் எண்கூட உங்கள் தகரப் பலகையைவிட நம்பகமாக இருக்கும்.

எண்ணைக் கூட்டிப் போடுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெரிய பூங்காக்களில் காட்டப்படும் நேரம் உண்மையான நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்பதை, கையில் கடிகாரத்தோடு நின்று ஒப்பிட்டுப் பார்க்கிற ரசிகர்கள் பல ஆண்டுகளாகக் கண்டு எழுதி வருகிறார்கள். அதற்குக் காரணம் எளியது. 60 நிமிடம் என்று கேட்டு 50 நிமிடத்தில் ஏறியவர் மலர்ந்த முகத்தோடு ஏறுவார். 40 நிமிடம் என்று கேட்டு அதே 50 நிமிடத்தில் ஏறியவர் கோபத்தோடு ஏறுவார். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் இருந்த டேவிட் மெய்ஸ்டர் 1985-இல் இதை ஒரு கணக்காகவே எழுதிக் காட்டினார்: ஒருவர் உணர்ந்ததிலிருந்து அவர் எதிர்பார்த்ததைக் கழித்தால் எஞ்சுவதே அவருடைய திருப்தி. காரணம் தெரியாத காத்திருப்பு, முடிவு தெரியாத காத்திருப்பு, நியாயமற்ற காத்திருப்பு, கையில் வேலையில்லாத காத்திருப்பு ஆகிய எல்லாமே உண்மை நேரத்தைவிட நீளமாகத் தோன்றும் என்று அவர் சொன்னது, நான் நின்ற மேடையில் நாள்தோறும் கண்ட உண்மை.

ஆனால் 45-ஐ 90 ஆக்குவது வேறு விஷயம். பத்து நிமிடக் கூடுதல் ஒரு பாதுகாப்பு இடைவெளி. இரண்டு மடங்கு என்பது பொய். அந்தப் பொய்யை நம்பி, மூன்று மணிக்கு ஊருக்குப் பேருந்து பிடிக்க வேண்டிய ஒரு குடும்பம் ஏறாமலேயே போய்விடும். அடிக்கடி வருகிறவர்களோ எண்ணைப் பாதியாக்கிப் படிக்கக் கற்றுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நீங்கள் உண்மையாகவே 90 என்று எழுதும் நாளில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நீண்ட நேரம் என்று தெரிந்தும் நிற்கிறவர்கள் இருப்பார்கள் என்பதை உங்கள் நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். 2019 ஜூன் 13 அன்று ஆர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனத்தின் பூங்காவில் ஹாரி பாட்டர் கதைப் பாத்திரமான ஹாக்ரிட் பெயரில் அமைந்த மோட்டார் பைக் ரோலர் கோஸ்டர் திறந்தபோது காத்திருப்பு 10 மணி நேரத்தைத் தொட்டது. எண் தெரிந்தே நின்றவர்கள் அவர்கள்.

வண்டி நிற்கும்போது பேசுவதைப் பற்றி நான் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலான சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன. எங்கள் மேடையில் மூன்று பழக்கங்கள் கட்டாயமாக இருந்தன. நின்ற இரண்டு நிமிடத்துக்குள் முதல் அறிவிப்பு வந்துவிட வேண்டும். டெக்னீஷியன் வாயிலிருந்து நேரம் வராதவரை மேடையில் இருப்பவர் எந்த நேரமும் சொல்லக் கூடாது. "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை ஆறாவது நிமிடத்தில் ஏமாற்றாகிவிடும். புதிய செய்தி இல்லாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மைக்கை எடுத்தே ஆக வேண்டும். தமிழில் நீங்கள் இப்படிச் சொல்லலாம்: "தடத்தில் உள்ள ஒரு சென்சார் வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறது. பாதுகாப்புக்காகவே அது இருக்கிறது. எங்கள் டெக்னீஷியன் இப்போது தடத்துக்குப் போயிருக்கிறார். எப்போது தொடங்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்ததும் சொல்கிறேன், தெரியாவிட்டாலும் பத்து நிமிடத்தில் மறுபடி பேசுகிறேன். போக விரும்புகிறவர்கள் கீழே உள்ள ஊழியரிடம் சீட்டு வாங்கிக்கொண்டால், இன்று எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம்." அந்த நேரத்தில் வரிசையின் நுழைவாசலில் ஒருவர் நின்று புதிதாக வருகிறவர்களைத் தடுத்துச் சொல்ல வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

உயர அளவுகோலைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை: நாளைக்கே அதைக் கீழே கொண்டு வாருங்கள். டிக்கெட் கவுன்டர் அருகிலேயே குழந்தைகளை அளந்து, உயரத்துக்கு ஏற்ற நிறத்தில் கைப்பட்டை கட்டிவிட்டால் இன்னும் நல்லது. மேடையில் இரண்டாவது முறை சரிபார்ப்பது பாதுகாப்புக்காக இருக்கட்டும். முதல் செய்தி அங்கே போய்ச் சேரக் கூடாது.

சிறு குழந்தைகளுக்கான ரைடுகளில் வரிசையையே எடுத்துவிட முடியுமா என்றும் பாருங்கள். டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் டம்போ யானை ராட்டினத்தை 2012-இல் இடம் மாற்றியபோது ஒன்றை இரண்டாக்கினார்கள். கூடவே வரிசைக்கு நடுவே கூடாரம் போன்ற ஒரு விளையாட்டுக் கூடத்தையும் கட்டினார்கள். முறை வரும்வரை குழந்தை சறுக்குமரத்தில் விளையாடியது. பெற்றோர் கையில் கொடுத்த கருவி ஒலித்ததும் எழுந்து போனார்கள். ஒரு சறுக்குமரமும், கூப்பிட ஒரு டோக்கன் எண்ணும் நம் ஊரில் பெரிய செலவு ஆகாது.

பதில்: வரிசைக்கணக்கு

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் செயல்முறை ஆய்வு என்ற பாடத்தை நடத்துகிறேன். கேட்டவர் தந்த எண்களே போதுமானவை என்பதால் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதன் விடை அவரை வியக்க வைக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டரை நிமிடத்துக்கு ஒரு ஓட்டம் என்றால் மணிக்கு 24 ஓட்டம். ஓட்டத்துக்கு 20 பேர் என்றால் மணிக்கு 480 பேர், அதாவது நிமிடத்துக்கு 8 பேர். 45 நிமிடப் பலகைக்கு முன்னால் அப்படியானால் 360 பேர் நிற்கிறார்கள். வரிசையில் இருப்பவர்களின் எண்ணிக்கை, அவர்கள் வந்து போகும் வேகத்தைச் சராசரிக் காத்திருப்பால் பெருக்கினால் வருவது என்ற உறவை, பின்னாளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பேராசிரியரான ஜான் லிட்டில் 1961-இல் நிறுவினார். நாம் இங்கே போடுவதும் அதே கணக்குத்தான். இப்போது நான்கில் ஒரு பங்கு இருக்கைகளை ஃபாஸ்ட் டிராக்குக்குக் கொடுத்துவிட்டால், பொது வரிசைக்கு நிமிடத்துக்கு 6 இருக்கைகளே மிஞ்சும். அதே 360 பேர் ஏற 60 நிமிடம் ஆகும். அதோடு சென்சார் கோளாறின் 10 நிமிடத்தைச் சேர்த்தால் 70.

அன்று கூடிய 25 நிமிடத்தில் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது 10 நிமிடம் மட்டுமே. மற்ற 15 நிமிடம், காலையில் டிக்கெட் கவுன்டரில் ஃபாஸ்ட் டிராக் விற்றபோதே தெரிந்திருக்க வேண்டியது. கோபப்பட்டவர்களிடம் இயந்திரக் கோளாறு என்று சொல்லியிருப்பீர்கள். அவர்கள் இழந்த நேரத்தில் பெரும்பகுதிக்கு அது காரணம் அல்ல.

ஃபாஸ்ட் டிராக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பூங்காவுக்கு வருமானம் வேண்டும், அவசரமாகத் திரும்ப வேண்டியவர்களுக்கு வழியும் வேண்டும். டிஸ்னி பூங்காக்கள் 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற முறையை இலவசமாகத் தொடங்கின. 2021 அக்டோபரில் ஃபுளோரிடாவில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் என்ற கட்டண முறை அதன் இடத்துக்கு வந்தது. டோக்கியோவில் 2022-இல் கட்டண முறையும், 2023-இல் வேறு சில ரைடுகளுக்கு இலவச முறையும் தொடங்கின. எந்த முறையானாலும் இருக்கை அதே வண்டியிலிருந்துதான் போகிறது. ஆகவே விற்பனை நாள் கணக்கில் இல்லாமல் மணிக் கணக்கில் கட்டுப்பட வேண்டும்: ஓட்டத்துக்கு இத்தனை இருக்கை, மணிக்கு இத்தனை டிக்கெட், அதற்கு மேல் அந்த மணிக்கு விற்பனை இல்லை. அந்த எண்ணை வரிசையின் வாசலிலேயே எழுதி வைத்துவிட்டால், ஐந்து பேர் முன்னால் ஏறுவதைப் பார்க்கிறவர் ஆறாவது ஆள் வரமாட்டார் என்று தெரிந்துகொள்வார்.

முந்தைய பதிலில் கோவைத்தென்றல் அவர்கள் சொன்ன கூடுதல் நிமிடங்களைப் பற்றி எனக்குச் சிறு வேறுபாடு உண்டு. கூட்டிச் சொல்வதற்குப் பதிலாக, அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்லலாம். கடந்த ஒரு மணி நேர அட்டைகளைப் பார்த்து, பத்தில் எட்டுப் பேர் எந்த நேரத்துக்குள் ஏறினார்களோ அதைப் பலகையில் எழுதி, "பத்தில் எட்டுப் பேர் இந்த நேரத்துக்குள் ஏறிவிடுகிறார்கள்" என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அது சராசரியைவிடக் கூடுதலாகவே இருக்கும். பெரும்பாலானவர்கள் எதிர்பார்த்ததற்கு முன்னே ஏறுவார்கள். அதேசமயம் எண் உண்மையானது. நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம், ஊழியர்கள் தாங்களே நம்பாத ஓர் எண்ணை நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தால், சில மாதங்களில் அவர்கள் எதையுமே அக்கறையோடு சொல்வதை விட்டுவிடுவார்கள்.

வண்டியில் காலியாகப் போகும் இருக்கைகளையும் எண்ணிப் பாருங்கள். மூன்று பேர் வந்தால் நான்காவது இருக்கை வெறுமையாகப் போகும். ஓட்டத்துக்கு இரண்டு இருக்கை காலி என்றால் மணிக்கு 48 பேர் இடம் வீணாகிறது. சிங்கப்பூரில் செந்தோசாத் தீவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் உட்படப் பல பூங்காக்களில் தனியாளாக ஏறச் சம்மதிக்கிறவர்களுக்குத் தனி வரிசை இருப்பது இதற்காகத்தான். ஆனால் ஏற்றும் நேரத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்ட ஆப்பரேட்டர்களை அவசரப்படுத்தாதீர்கள். மார்புக் கம்பியை இழுத்துப் பார்க்கும் அந்த மூன்று விநாடியை எந்தக் கணக்குக்காகவும் தொடக் கூடாது.

கைபேசியில் முறை வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் காத்திருக்கும் முறையை யாராவது உங்களுக்கு விற்க வரலாம். 2017-இல் ஆர்லாண்டோவில் திறந்த வால்கேனோ பே நீர்ப் பூங்கா, கைப்பட்டை மூலம் இதைச் செய்தது. ஒரு நேரத்தில் ஒரு சறுக்குக்கு மட்டுமே முறை வாங்க முடிந்தது. வரிசை கண்ணிலிருந்து மறைந்தாலும் வண்டியின் கொள்ளளவு கூடாது, வரிசையில் நின்ற அத்தனை பேரும் நடைபாதைக்கும் நிழலுக்கும் வந்து சேர்வார்கள். உட்கார இடமும் நிழலும் முதலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அதைப் பற்றி யோசியுங்கள்.

பதில்: பெருங்குடி அம்மா

வணக்கம். நான் இந்தத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. ஆட்டிசம் உள்ள பதினொரு வயது மகனோடு பூங்காக்களுக்குப் போகிற ஒரு தாய்.

காத்திருப்பது என் மகனுக்குக் கடினம் என்று பலரும் நினைக்கிறார்கள். அவனுக்குக் கடினமாக இருப்பது, சொன்னது மாறுவதுதான். 45 நிமிடம் என்று சொன்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 45 நிமிடமும் அமைதியாக நிற்பான். 46-ஆவது நிமிடத்தில் கைகளை உதறத் தொடங்குவான், 50-ஆவது நிமிடத்தில் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். தொடக்கத்திலேயே 70 என்று சொல்லியிருந்தால் அவன் 70 நிமிடத்துக்கும் தயாராக இருந்திருப்பான், அல்லது நாங்கள் அந்த ரைடுக்குப் போயிருக்கவே மாட்டோம். ஆகவே எண்ணைப் பற்றி நீங்கள் இவ்வளவு யோசிப்பது எனக்கு மிகவும் ஆறுதலாக இருக்கிறது.

ஒரு முறை ஒரு பூங்காவில் எங்கள் நிலையைப் பார்த்த ஊழியர் ஒருவர், நல்ல மனத்தோடுதான், இறங்கும் வழியாக எங்களை நேரே மேடைக்குக் கூட்டிப் போனார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை; காரணம் தெரியாமல் யார் முன்னால் போனாலும் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். எங்களுக்கு வேண்டியது முந்திக்கொண்டு ஏறுவது அல்ல. கூட்டத்தின் இரைச்சல் இல்லாத இடத்தில் அதே அளவு நேரம் காத்திருப்பதுதான். டிஸ்னி பூங்காக்களில் 2013 முதல் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடு இந்த எண்ணத்தில்தான் அமைந்தது என்று படித்திருக்கிறேன்: பொது வரிசையின் அப்போதைய நேரத்தை ஒட்டி, திரும்பி வர வேண்டிய நேரத்தைக் குறித்துக் கொடுப்பார்கள், அதுவரை மரத்தடியிலோ உணவகத்திலோ இருக்கலாம். உங்கள் பேனா அட்டையிலேயே "12.05-க்கு வரவும்" என்று எழுதிக் கொடுத்தால் எங்களுக்கு அதுவே போதும்.

கழிப்பறையைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். கம்பி வேலிக்கு நடுவே நாற்பது நிமிடம் நின்ற பிறகு குழந்தை "அம்மா, அவசரம்" என்று சொன்னால், வெளியே போகவும் வழியில்லை, போனால் இடமும் போய்விடும். கைக்குழந்தையோடு வருகிறவர்களும் மாதவிடாய் நாளில் வருகிற பெண்களும் படும் பாடு அதைவிடப் பெரியது. வரிசையின் வாசலில் "கழிப்பறை இடப்பக்கம், இனி மேடை வரை கழிப்பறை இல்லை" என்று ஒரு பலகையும், நடுவில் வெளியே போய்வர ஒரு சிறு கதவும் இருந்தால் எவ்வளவோ உதவியாக இருக்கும்.

பதில்: சேவைக்குப் போனவர்

திருமலையில் ஸ்ரீவாரி சேவைத் தொண்டராகச் சில முறை இருந்திருக்கிறேன் என்ற உரிமையில் எழுதுகிறேன். சாமி தரிசனத்தையும் ராட்டினத்தையும் ஒன்றாக வைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். காத்திருக்கும் மனிதர்கள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பக்தர்கள் காத்திருக்கும் வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸில் எத்தனை அறைகள் நிரம்பியிருக்கின்றன, சர்வ தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்ற செய்தி நாள்தோறும் வெளியாகிறது; நம் செய்தித்தாள்களிலும் வருகிறது. வேலூரிலும் சென்னையிலும் இருப்பவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் இன்றைக்குக் கிளம்புவதா, வார நடுவில் போவதா என்று முடிவு செய்கிறார்கள். நேரத்தைச் சொல்ல வேண்டிய முதல் இடம் வரிசையின் வாசல் அல்ல, வீட்டு வாசல். உங்கள் பூங்காவின் இணையப் பக்கத்தில் காலை பத்து மணிக்கே "இன்று பள்ளிச் சுற்றுலாக்கள் அதிகம், ரோலர் கோஸ்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்" என்று போட்டுவிட்டால், பாதிச் சண்டை வண்டியில் ஏறுவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

அறைக்குள் இருப்பவர்கள் நிற்பதில்லை, உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகளுக்குப் பால் வரும், எல்லோருக்கும் உணவும் தண்ணீரும் வரும். எனக்கு முந்தைய அறை திறந்தால் அடுத்தது என் அறை என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். நான் தண்ணீர் கொண்டுபோன நேரங்களில் அவர்கள் அதிகம் கேட்ட கேள்வி "இன்னும் எவ்வளவு நேரம்" என்பது அல்ல, "எங்களுக்கு முன்னால் எத்தனை அறை" என்பதுதான். முன்னூறு ரூபாய் சிறப்பு நுழைவுக்கும் தேதி, நேரம், எண்ணிக்கை எல்லாம் முன்பே வரையறுத்துத்தான் கொடுக்கிறார்கள்.

ஆனால் பக்தியால் பொறுத்துக்கொள்கிற மணிநேரங்களைப் பூங்காவில் ஒருவரும் பொறுக்க மாட்டார்கள், பொறுக்க வேண்டியதும் இல்லை. சித்திரை வெயிலில் இரும்புக் கம்பியைத் தொட முடியாது. பந்தலும் தண்ணீர்ப் பானையும் இல்லாத வரிசையில் 20 நிமிடம் என்று எழுதினால்கூட அது அதிகம்தான்.

கேள்வி கேட்டவர்: ராட்டினமேடை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குடியரசு தின விடுமுறையில் கூட்டம் வரும் என்று தெரிந்ததால், உங்கள் யோசனைகளில் உடனே செய்ய முடிந்தவற்றைச் செய்து பார்த்தோம். அதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தகரப் பலகைகளைக் கழற்றிவிட்டு, வரிசையின் வாசலில் ஒரு கரும்பலகை வைத்தோம். வரிசைக்கணக்கு ஐயா போட்டுக் காட்டிய 15 நிமிடத்தை நிர்வாகத்திடம் அப்படியே எழுதிக் காட்டினேன். முதலில் நம்பவில்லை, கூட்டல் கழித்தலைத் தாங்களே ஒரு முறை போட்டுப் பார்த்த பிறகு, ரோலர் கோஸ்டருக்கு மட்டும் ஓட்டத்துக்கு நான்கு ஃபாஸ்ட் டிராக் இருக்கைகள் என்று வரம்பு வைக்கச் சம்மதித்தார்கள். பொது வரிசைக்கு ஓட்டத்துக்கு 16 இருக்கைகள் என்பதை வாசலில் எழுதி வைத்தோம். "ஏன் அவர்களை மட்டும் விடுகிறீர்கள்" என்ற கேள்வி அன்றும் வந்தது. ஆனால் ஊழியர்களிடம் சொல்வதற்கு ஒரு பதில் இருந்தது, அதைச் சொல்ல அவர்கள் தயங்கவில்லை.

அன்று 22 அட்டைகள் அனுப்பினோம். 18 அட்டைகள் பலகையில் இருந்த நேரத்துக்குள் மேடைக்கு வந்தன. பிந்தி வந்த நான்கில் ஓர் அட்டை, கழிப்பறைக்காக நடுவில் வெளியே போய்த் திரும்பி வந்த குடும்பத்தினுடையது. பெருங்குடி அம்மா சொன்ன சிறு கதவை வைக்க இன்னும் அனுமதி வரவில்லை. இப்போதைக்கு ஓர் ஊழியர் சங்கிலியைக் கழற்றி வழிவிடுகிறார். "12.05-க்கு வரவும்" என்று எழுதிய அட்டைகளை மூன்று குடும்பங்களுக்குக் கொடுத்தோம், மூன்றும் சொன்ன நேரத்துக்கு வந்தன. பிற்பகல் மழைத் தூறலில் வண்டியை நிறுத்த வேண்டி வந்தபோது, கோவைத்தென்றல் அவர்கள் எழுதிக் கொடுத்த வாசகத்தையே சற்று மாற்றிப் படித்தோம். "எப்போது தொடங்கும் என்று எனக்குத் தெரியாது" என்று மைக்கில் சொல்ல எங்கள் ஆப்பரேட்டர் முதலில் மிகவும் கூச்சப்பட்டார். சொன்ன பிறகு வரிசையிலிருந்து ஏறக்குறைய முப்பது பேர் சீட்டு வாங்கிக்கொண்டு சாப்பிடப் போனார்கள், மற்றவர்கள் அப்படியே நின்றார்கள். யாரும் மேடைக்கு ஏறி வந்து கேட்கவில்லை. பந்தலுக்குப் பங்குனிக்குள் பணம் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு தவறும் நடந்தது. உயர அளவுகோலைக் கீழே நட்டோம். ஆனால் அந்த இடத்தில் தரை ஓடுகள் மழைநீர் வடிவதற்காகச் சற்றுச் சரிவாகப் பதிக்கப்பட்டவை என்பதை நான் கவனிக்கவில்லை. கீழே நிற்கும் குழந்தை மேலே நிற்பதைவிட ஒரு சென்டிமீட்டர் உயரமாகத் தெரிந்தது. கீழே 140 என்று சொல்லி அனுப்பிய ஒரு சிறுமியை மேடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பத்திடம் நானே போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, மற்ற ரைடுகளுக்கு அவர்களை என்னோடு கூட்டிப் போனேன். நேற்று மாலை கொத்தனாரை வைத்து அளவுகோலின் அடியில் ஒரு சதுர மேடையை நீர்மட்டம் பார்த்துப் பூசியிருக்கிறோம். சிமென்ட் காய்ந்ததும், எஃகு டேப்பால் இரண்டு கோல்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சனிக்கிழமை வரிசையைத் திறப்போம்.